சாக்பீஸில் எழுதிய இருபத்து மூன்று பெயர்கள்

கைபேசியின் டார்ச்சைப் போட்டதும் முதலில் பயிர்தான் தெரிந்தது. கோழிக்குஞ்சு நிறத்தில், ஒரு சாண் உயரத்துக்கு, நெருக்கியடித்து நின்றது. ஈர எருவின் வாசனையும் ஊறின பயறு வாசனையும் அறையை அடைத்துக்கொண்டிருந்தன. முளைப்பாரி போட்டு அன்றைக்கு ஏழாம் நாள் காலை. நான் வளர்த்ததா இது என்று ஒரு நிமிஷம் எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

அப்புறம்தான் வெளிச்சத்தைச் சட்டியின் வயிற்றுப் பக்கம் இறக்கினேன். பெயரைக் காணோம்.

பக்கத்துச் சட்டியைப் பார்த்தேன். அதிலும் இல்லை. மண்டியிட்டு வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனேன். இருபத்து மூன்று சட்டிகள், இருபத்து மூன்று வீடுகள். ஒவ்வொன்றிலும் நானே என் கையால் பெயர் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் மட்டும் ஒரு துணைக்காலின் தடம் மிச்சமிருந்தது. அது யார் பெயரின் கால் என்று என் ஆறாம் வகுப்புப் படிப்பை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

வாசலில் விசாலாட்சியம்மா நின்றுகொண்டிருந்தார். அமெரிக்காவில் அவர் மருமகள் மாசமாக இருந்தாள். அவளுக்கு அனுப்ப, தன் சட்டியை மட்டும் ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லி வந்திருந்தார்.

"பேச்சி, எடுத்துட்டியா? அங்க அவ தூங்கப் போயிருவா."

"போன்ல சார்ஜ் இல்லம்மா. சாயங்காலம் எடுத்துத் தாரேன்."

டார்ச் என் கையில் பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. சேலை முந்தானைக்குள் பொத்திக்கொண்டேன்.

பச்சை கேட், நீலக் கேட்

இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு நான் எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி என்று தெரியும். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்தவள். மிஷின் ஊசி உடைந்தால் அதன் முனை கிடைக்கிற வரைக்கும் அறையைப் பெருக்குகிறவள். யாராவது தும்மினால் கூட நம்மால்தானோ என்று ஒரு நினைப்பு ஓடும்.

நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி, பல்கலைக்கழகத்துக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் நகர். மகன் இடம் வாங்கிப் போட்டு வீடு கட்டினான். கட்டி முடித்ததும் வேலைக்குச் சென்னை போய்விட்டான். நானும் என் வீட்டுக்காரரும் குடிவந்தோம். அவர் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் ஜனத்தோடு ஜனமாக இருந்துவிட்டதால் இந்த அமைதி அவருக்குப் பிடித்திருந்தது. எனக்குத்தான் காதை அடைத்தது.

எல்லா வீட்டுக்கும் ஆள் உயரத்துக்குச் சுற்றுச்சுவர். சுவரில் கேமரா. கேட் திறக்கும், கார் வெளியே வரும், கேட் மூடும். காருக்குள் கண்ணாடி ஏறியிருக்கும். உள்ளே யார் இருக்கிறார்கள், சிரித்தால் பதிலுக்குச் சிரிப்பார்களா என்று தெரியாது. சும்மா ஒரு சிரிப்புச் சிரித்து வைப்பேன். கண்ணாடியில் என் மூஞ்சிதான் தெரியும்.

ஒரு நாள் மூன்றாவது தெருவில் சாமியானாப் பந்தலும் பிளாஸ்டிக் நாற்காலியும் இறங்கின. நல்லதா கெட்டதா தெரியவில்லை. கேட்கவும் ஆள் இல்லை. போகாமல் இருந்தால் தப்பு. போனால், பட்டுச் சேலையா சாதாச் சேலையா? பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். கடைசியில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு காப்பிக் கலர் சேலையைக் கட்டிக்கொண்டு, பூ வைக்காமல், பூவைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். காதுகுத்து. வாசலிலேயே பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டதைப் பன்னீர் தெளிக்க நின்ற பெண் பார்த்துவிட்டாள்.

தையல்தான் என்னைக் காப்பாற்றியது. ஜாக்கெட் தைப்பேன் என்று கேட்டில் ஓர் அட்டை தொங்கவிட்டேன். நாலு மாசத்தில் நகரில் பாதி வீட்டுப் பெண்களுக்கு நான்தான் தைத்தேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே இல்லை. கழுத்து இறங்காமல், தோள் நழுவாமல் என் கை ஜாக்கெட் நிற்கிற மாதிரி டவுனில் போய்த் தைத்தாலும் நிற்காது.

ஆனால் அதிலும் ஒரு வேடிக்கை. அளவு ஜாக்கெட்டையும் துணியையும் ஒரு கவரில் போட்டு என் கேட்டில் மாட்டிவிட்டுப் போவார்கள். தைத்து முடித்ததும் நான் அவர்கள் கேட்டில் மாட்டிவிட்டு வருவேன். பேச்சு எல்லாம் போனில் குறுஞ்செய்தி. என் அளவு நோட்டைப் பார்த்தால் தெரியும்: 'பச்சை கேட், மார்பு நாற்பது.' 'நீலக் கேட், தோள் பதினாலு.' 'நாய் வீடு, கை பத்து.' இவர்கள் கக்கத்துச் சுற்றளவு எனக்குத் தெரியும். பெயர் தெரியாது.

எந்தத் தெரு?

பச்சை கேட்தான் விசாலாட்சியம்மா. அவர் ஒருவர்தான் நேரில் வந்து அளவு கொடுத்தார். இஞ்ச் டேப்பை நான் அவர் தோளில் வைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"சொந்த ஊரு?"

"பேரையூர்ப் பக்கம்மா."

"பேரையூர்ப் பக்கம்னா எந்த ஊரு?"

சொன்னேன்.

"அங்க எந்தத் தெரு?"

தெருப் பெயரைச் சொன்னால் போதும், எங்கள் பக்கத்தில் மிச்சத்தை அவர்களே தெரிந்துகொள்வார்கள். அடுத்தவர் காட்டில் தலைமுறை தலைமுறையாகக் களையெடுத்த ஜனம் நாங்கள்.

"ஊருக் கடைசிம்மா," என்றேன்.

"ஓ," என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. அதற்குப் பிறகு தைத்த துணியைக் கொடுக்கப் போனால் கேட்டின் கம்பி வழியாகவே கை நீட்டி வாங்கிக்கொள்வார். அவர் வீட்டிலும் அப்போது ஒரு நாய் இருந்தது. நாய்க்காகத்தான் கேட்டைத் திறக்கவில்லை என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும்.

எங்கள் ஊரில் முளைப்பாரி எடுக்கிற நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா வளர்த்த பாரிக்கு ஈடு அந்த வட்டாரத்தில் கிடையாது. காலில் செருப்பில்லாமல், வாயில் வெற்றிலை இல்லாமல், ஒன்பது நாளும் ஒரு பொழுது சாப்பிட்டு வளர்ப்பாள். அப்படி வளர்த்ததைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் தெருப் பெண்கள் ஒதுங்கி நிற்பார்கள். ஊர்ப் பாரி எல்லாம் போக வேண்டும். மேளம் போக வேண்டும். அப்புறம் நாங்கள்.

"இருபது எட்டு விட்டு வா," என்பாள் அம்மா. நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிற கடைசிப் பெண்ணின் குதிகாலைப் பார்த்து அடியை எண்ணுவேன். கிட்டே போய்விட்டால் நின்று, இடைவெளி விழுந்ததும் நடப்போம். கரைப்பதும் கண்மாயின் வேறு கரையில். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நான் களையெடுக்கப் போனேன்.

எண்ணுகிற பழக்கம் மட்டும் காலோடு தங்கிவிட்டது.

டெம்போவில் வரவிருந்த பாரி

நகரின் நுழைவில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் மனை போடுவதற்கு முன்னாலிருந்தே ஒரு காளியம்மன் கல். சங்கத்தார் அதற்குத் தகரக் கொட்டகை போட்டு, புரட்டாசியில் ஒரு பொங்கல் வைப்பது வழக்கம். அந்த வருஷம் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் போட்டார்: முளைப்பாரியும் எடுக்கலாம், டவுனில் வளர்த்தே விற்கிறார்கள், வேண்டியவர்கள் கையைத் தூக்குங்கள், டெம்போவில் வந்து இறங்கிவிடும்.

வரிசையாகக் கட்டைவிரல் படங்கள் விழுந்தன.

பக்கத்து வீட்டு சுபத்ரா அப்போது என் வீட்டில் ஃபால்ஸ் தைக்கக் கொடுத்த சேலைக்காக உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு டவுனில் சுங்குடிச் சேலைக் கடை. வீட்டில் சௌராஷ்டிரா பேசுவார்கள். பிள்ளைகளைத் திட்டும்போது மட்டும், தெருவுக்கும் கேட்கட்டும் என்று தமிழில் திட்டுவாள். நகரில் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான்.

"கடையில வாங்குறதுக்கு எதுக்கு முளைப்பாரி?" என்று நான் சும்மா வாய்க்குள் முனகினேன். "ஒன்பது நாள் வளக்குறதுதானே நேர்த்திக்கடன். எங்கம்மா கண்ணுல பட்டா வெளக்கமாத்த எடுப்பா."

"ஒங்களுக்கு வளக்கத் தெரியுமாக்கா?"

"தெரியாம என்ன."

அவ்வளவுதான் சொன்னேன். அவள் போனைத் தட்டினாள். நான் காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் குழுவில் விழுந்துவிட்டது: பேச்சியக்கா வீட்டிலேயே எல்லாருக்கும் முளைப்பாரி வளர்க்கிறார்.

"அடியே, என்னடி பண்ணிவச்ச?"

"பயப்படாதீங்கக்கா. யாரும் வர மாட்டாங்க. நாமதேன் ரெண்டு பேரு."

இருபத்தோரு பேர் சேர்ந்தார்கள். எங்களோடு இருபத்து மூன்று. விசாலாட்சியம்மாவும் பெயர் கொடுத்திருந்தார். நான் வளர்த்ததை அவர் தலையில் வைப்பாரா? கடைசி நாளில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அதை எல்லாரும் பார்த்துவிட்டால்?

தையல் அறையைக் காலி செய்தேன். மிஷினைக் கூடத்துக்குத் தள்ளி, கருப்பு லைனிங் துணியை இரட்டையாக மடித்து ஜன்னலுக்கு அடித்தேன். பாரிக்கு வெளிச்சம் ஆகாது; இருட்டில் வளர்ந்தால்தான் அந்த மஞ்சள் வரும். சட்டிகளில் வைக்கோல் பரப்பி, எருவைப் பொடித்துப் போட்டு, தட்டாம்பயறும் பாசிப்பயறும் மொச்சையும் சோளமும் ஊறவைத்தேன். விதை தூவுகிற அன்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பெண் வந்து தன் சட்டியில் தன் கையால் தூவினாள். கேட்டுகள் ஆளாக நடந்து வந்த மாதிரி இருந்தது. ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டேன். நீலக் கேட் பெயர் நிர்மலா, பேங்கில் வேலை. நாய் வீடு, கோகிலா.

கேட்ட பெயரை அங்கேயே சட்டியில் எழுதினேன். பேனா மண்சட்டியில் எழுதவில்லை. கை தானாகக் காதோரம் போய், அங்கே செருகியிருந்த தையல் சாக்பீஸை எடுத்தது. இருபத்தைந்து வருஷமாக எதில் அடையாளம் வைத்தாலும் அதில்தான் வைத்திருக்கிறேன்.

துணியில் சாக்பீஸ் கோடு தெரிகிறதே என்று வாடிக்கைக்காரர்கள் கேட்டால், "ஒரு அலசு அலசுனா போயிரும்மா," என்று சொல்கிறவளும் நான்தான். ஒரு நாளைக்கு இரண்டு வேளை தண்ணீர் தெளிக்கப்போகிற சட்டிக்கு அது உறைக்கவில்லை.

எந்த வீட்டுச் சட்டி செழிக்கிறதோ அந்த வீடு அந்த வருஷம் செழிக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. மூலையில் இருக்கிற சட்டிக்குக் காற்று போதாதோ? சுவரோரம் இருப்பது புழுங்குமோ? ஒரு வீட்டுக்குக் கூடுதலாகவும் ஒரு வீட்டுக்குக் குறைவாகவும் போய்விடக் கூடாதே என்று இரண்டு நாளைக்கு ஒரு தடவை எல்லாச் சட்டியையும் இடம் மாற்றி வைத்தேன். எல்லாம் கைத்தடவலில், இருட்டில்.

எவன் வந்து டெஸ்ட் எடுக்கப் போறான்

ஏழாம் நாள் காலை விசாலாட்சியம்மாவை அனுப்பிவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அம்புட்டுத்தானே?" என்றார். "மறுபடி எழுது. எவன் வந்து டி.என்.ஏ. டெஸ்ட் எடுக்கப் போறான்?"

"ஒண்ணு குட்டையா இருக்குங்க. நாலு வெரக்கடைதேன் வளந்திருக்கு. அது யாரு வீட்டுச் சட்டின்னு தெரியல."

"அதுல ஓம் பேர எழுதிக்க. சோலி முடிஞ்சது."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. சாக்பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு அறை வாசல் வரை போனேன். அங்கே நின்று யோசித்தேன். ஒருவேளை அந்தக் குட்டை விசாலாட்சியம்மாவுடையதாக இருந்து, நான் மாற்றி எழுதி, அமெரிக்காவில் அந்தப் பெண்ணுக்கு ஒன்று ஆகிவிட்டால்? நிர்மலா வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால்? கோகிலாவின் மகன் பரீட்சையில் கோட்டை விட்டால்? இருபத்து மூன்று வீட்டில் அந்த வருஷம் எது நடந்தாலும் அதை நான்தான் எழுதினேன் என்று ஆகிவிடும். ஒரு வருஷம் முழுக்க இருபத்து மூன்று வீட்டுக் கவலையைச் சுமக்க என்னால் முடியாது. என் வீட்டுக் கவலைக்கே எனக்கு இருபத்து நாலு மணி நேரம் போதவில்லை.

நேர்மையால்தான் உண்மையைச் சொன்னேன் என்று எழுதிக்கொள்ளலாம். எனக்குப் பொய் சொல்ல தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

"சொல்லிடப் போறேன்," என்றேன்.

அவர் பேப்பரை மடித்தார். "சொல்லு. ஆனா சாயங்காலம் எல்லாரும் கும்மி அடிச்சு முடிக்கட்டும். மொதல்லயே சொன்னா நீ வாங்கிக் கட்டிக்குவ."

கும்மி நின்றது

நான் முடியும் வரைக்கும் காத்திருக்கவில்லை. சாயங்காலம் வாசலில் பெண்கள் வட்டமாக நின்று, பாட்டு பாதி தெரியாமல் சுபத்ராவின் போனைப் பார்த்துப் பாடிக் கும்மி கொட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் சுற்றிலேயே வட்டத்துக்கு நடுவில் போய் நின்றுவிட்டேன்.

"சட்டியில எழுதுன பேரெல்லாம் அழிஞ்சிருச்சு. எது யாருதுன்னு எனக்குத் தெரியல."

கைகள் நின்றன. தையல் சாக்பீஸ், தண்ணீர், இடம் மாற்றியது, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

"ஒண்ணு வேற குட்டையா இருக்கு," என்றேன். அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம்.

"அது யாருது?" என்றாள் கோகிலா.

"அதுவும் தெரியலம்மா."

"இதுக்குக் கடையிலயே வாங்கியிருக்கலாம்ல," என்றாள் நிர்மலா. அவள் சத்தமாகச் சொல்லவில்லை. எனக்கு அது இன்னும் வலித்தது.

விசாலாட்சியம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முட்டிவலி, அவர் கும்மியில் சேரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"அப்ப ஒன்னோட சட்டியும் அதுக்குள்ளதேன் கெடக்கு."

"ஆமாம்மா."

அந்தப் பேச்சுக்குள் என்ன இருந்தது என்று அவருக்கும் எனக்கும் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. வாசல் குழாய் வாளியில் சொட்டுகிற சத்தம் கேட்டது. நான் எப்போதும் அதை இறுக்கி மூடுகிறவள்.

"எம் மருமகளுக்கு நான் எதப் படம் எடுத்து அனுப்புறது?"

"எல்லாத்தையும் எடுத்து அனுப்புங்கம்மா," என்றாள் சுபத்ரா. "இருபத்து மூணும் ஒங்க பேரப்புள்ளைக்குத்தேன்."

"நீ வாய மூடு. எல்லாம் ஒன்னால வந்தது."

யாரோ சிரித்தார்கள். விசாலாட்சியம்மா சிரிக்கவில்லை.

"எங்கூர்ல சட்டி மாறிப் போச்சுன்னா வெட்டுக்குத்தே நடந்துரும்," என்றார். "சரி, ஆனது ஆச்சு. எடுக்குற அன்னைக்கு அந்த ரூம்புல லைட்டப் போடாத. ஒவ்வொருத்தியா உள்ள போவோம். கை எதுல படுதோ அதத் தூக்கிட்டு வரணும். பாத்து எடுக்க விட்டா ஆளாளுக்கு நெட்டையத்தேன் எடுப்பாளுக."

"நீங்க?" என்றாள் சுபத்ரா.

"நானுந்தேன்."

அவர் எழுந்து போனார்.

தடவி எடுத்தது

எட்டாம் நாள் முழுக்க அவர் வீட்டுப் பச்சை கேட்டையே மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யோசனை சொல்லிவிட்டு, வராமல் இருந்துவிடுவாரோ? முட்டிவலி என்று ஒரு செய்தி போட்டால் போதுமே. யாரும் தப்பாக நினைக்க முடியாது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு வந்தார். நான் தைத்துக் கொடுத்த அரக்கு ஜாக்கெட் போட்டிருந்தார். முதல் ஆளாக இருட்டுக்குள் போனார். உள்ளே என்னவோ உருண்ட சத்தம் கேட்டது. எனக்கு உயிர் போய் வந்தது. கையில் சட்டியோடு வெளியே வந்தார். சாணுக்கு மேல் உயரம்.

ஒவ்வொருத்தியாகப் போனார்கள். வெளிச்சத்துக்கு வந்ததும் எல்லாரும் முதலில் உயரத்தைப் பார்த்தார்கள். குட்டைச் சட்டி சுபத்ராவின் கைக்கு வந்தது. அவள் ஆளும் ஐந்தடிக்கு உள்ளே.

"எனக்குன்னே அளவெடுத்து வளத்தீங்களாக்கா?" என்று கேட்டாள். நிர்மலாவே முதலில் சிரித்தாள்.

அந்தக் குட்டையை யார் சுமந்தாலும் அது யார் வீட்டுக்கானது என்று தெரியாது. உள்ளுக்குள் எல்லாருக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். நிர்மலா தன் தலையிலிருந்த பூவை எடுத்து அதைச் சுற்றினாள். கோகிலா இன்னொரு முழம் சுற்றினாள். ஆளாளுக்குச் சுற்றிச் சுற்றி, கடைசியில் பூ உயரத்தில் அதுதான் எல்லாவற்றையும்விட நெட்டையாக நின்றது. காளியம்மனைக் கும்பிடும்போது இருபத்து மூன்று பேரும் அதையும் ஒரு தடவை பார்த்துக் கும்பிட்டோம்.

இருட்டறையில் கடைசியாக மிச்சமிருந்ததுதான் என் தலையில் இருந்தது.

முதுகுகள்

மேளம் முன்னால் போனது. கண்மாய் அரைக் கிலோமீட்டர். வெயில் சாய்ந்திருந்தது. வளர்த்தவள் முன்னால் போக வேண்டும் என்று சுபத்ரா சொன்னாள். என் காலை மிதித்துவிடுவார்கள், சட்டி சாய்ந்துவிடும் என்று எதையோ சொல்லிப் பின்னால் தங்கிவிட்டேன். எல்லாரும் கிளம்பினார்கள். நானும் கிளம்பினேன்.

கொஞ்ச தூரம் போனதும்தான் கவனித்தேன். முன்னால் போகிற கடைசிப் பெண்ணுக்கும் எனக்கும் நடுவில் இருபது எட்டு. நான் எண்ணவே இல்லை. கால் தானாக விட்டிருந்தது.

நடந்தபடியே அவர்களைப் பார்த்தேன். இருபத்திரண்டு முதுகுகள். இருபத்திரண்டில் பதினெட்டு என் தையல். முக்கோணக் கழுத்து, பானைக் கழுத்து, முடிச்சுப் போட்ட நாடா, குஞ்சம். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சட்டியில் பெயர் அழிந்தால் என்ன, முதுகைப் பார்த்தே எனக்குப் பெயர் தெரிந்தது. இடது தோள் அரை இஞ்சு இறங்கினது நிர்மலா. நடு முதுகில் மச்சம், கோகிலா. நாடாவை எப்போதும் தப்பாகவே முடிகிற சுபத்ரா. வாய்க்குள்ளேயே ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு போனேன். அம்மா பின்னால் நடந்தபோது அவளுக்கு முன்னால் போன முதுகுகளில் ஒன்றைக்கூட அவள் தொட்டிருக்க முடியாது. நான் இதில் பதினெட்டு முதுகுக்குத் துணி வெட்டித் தைத்தவள்.

நடுவில் அரக்கு ஜாக்கெட் போய்க்கொண்டிருந்தது. விசாலாட்சியம்மா இரண்டு கையையும் தூக்கிச் சட்டியைப் பிடித்திருந்தார். அப்போதுதான் பார்த்தேன். வலது கக்கத்தில் வெள்ளையாக ஒரு கோடு. நான் பார்க்கப் பார்க்க அது ஒரு விரல் நீளமாயிற்று. தையல் பிரிகிறது.

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. என் தையல், நாலு பேர் பார்க்கப் பிரிகிறது. ஒரு கையால் சட்டியைப் பிடித்துக்கொண்டு வரிசைக்குள் புகுந்து ஓடினேன். அவர் வலது பக்கம் போய், முந்தானையை இழுத்துத் தோளுக்குக் கீழே சுற்றி இடுப்பில் செருகினேன்.

அவர் தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் திருப்பினார்.

"பிரிஞ்சிருச்சா?"

"ஆமாம்மா."

"எம்புட்டு?"

"வெளிய தெரியாது. மறைச்சிட்டேன்."

சட்டியைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். "இறுக்கிப் பிடிக்கச் சொன்னது நாந்தேன். அரை இஞ்சு விடணும்னு நீ சொன்ன."

"ஒரு இஞ்சும்மா."

"சரி, ஒரு இஞ்சு." மூச்சு வாங்கியது. "நீ எங்குட்டும் போகாத. பக்கத்துலயே வா. இன்னொரு கையும் பிரிஞ்சா மானம் போயிரும்."

பக்கத்திலேயே போனேன். வரிசைக்கு நடுவில், ஒரு எட்டுகூட விடாமல். கண்மாயில் முழங்கால் அளவுத் தண்ணீர் கிடந்தது. கரையில் இறங்கும்போது முட்டிவலிக்காக என் தோளை அழுத்திப் பிடித்தார். கல்யாணமாகி வந்த புதிதில் மாட்டுவண்டியிலிருந்து இறங்கியபோது கூட யாரும் அப்படிப் பிடித்ததில்லை. இருபத்து மூன்று சட்டியையும் ஒரே இடத்தில் இறக்கினோம். பயிர் வேரோடு கழன்று மிதந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டது. சுபத்ராவின் சட்டியில் சுற்றியிருந்த பூவும் அதோடு போனது.

விசாலாட்சியம்மா அதைத்தான் படம் எடுக்கச் சொன்னார். என் போனில் சார்ஜ் இருந்தது. எடுத்தேன்.

மறுநாள் காலையில் கேட் மணி அடித்தது. அரக்கு ஜாக்கெட் மடித்த கவரோடு அவர் நின்றார். கேட்டில் மாட்டிவிட்டுப் போகவில்லை. உள்ளே வந்து, கூடத்தில் இன்னும் தள்ளிக்கிடந்த மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "நீ பிரிச்சுத் தச்சுக் குடு, இருந்து வாங்கிட்டுப் போறேன்," என்றார். காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போதாது என்று சொல்லி இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிப் போட்டுக் குடித்தார்.

அவர் போன பிறகு அளவு நோட்டைத் திறந்தேன். 'பச்சை கேட்' என்று இருந்ததை அடித்தேன். காதோரம் கை போனது. சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டுப் பேனாவைத் தேடி எடுத்தேன்.

'விசாலாட்சி,' என்று எழுதினேன். 'கைச் சுற்று ஒரு இஞ்சு கூட.'